ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்?

செயின்ட் பால், மினசோட்டா
ஜூன் கடைசி

அன்புத் தோழிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில்வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. இங்கே பள்ளி மூடி இரண்டு வாரம் ஆகிறது. விடைத்தாள் இல்லாத மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்ததற்கு மீட்டிங்கில் உன்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள் என்று படித்ததும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்பதாவதோடு டி.சி. கொடுத்து அனுப்பிய மூன்று பிள்ளைகளை, போன ஜூனில் ஒரு வார்த்தை பேசாமல் சேர்த்துக்கொண்டவள் நீ. அந்தத் தனியார் பள்ளி வாசலில் நூறு சதவீத ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. கேள்வி மட்டும் உனக்கு.

“நீ வேலை செய்யும் சார்ட்டர் பள்ளி அரசா, தனியாரா? அங்கேயும் இப்படித்தானா?” என்று கேட்டிருந்தாய். பணம் அரசுடையது, பிள்ளைகள் கட்டணம் கட்டுவதில்லை, நிர்வாகம் மட்டும் தனிக் குழுவின் கையில். இதற்கான முதல் சட்டத்தை 1991-ல் இந்த மாநிலம்தான் போட்டது; முதல் பள்ளி 1992-ல் இதே செயின்ட் பாலில் திறந்தது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆனால் குலுக்கலில் பெயர் விழ, முதலில் யாராவது விண்ணப்பம் போட வேண்டுமே! அந்த விவரம் தெரிந்த அப்பா அம்மா உள்ள வீடு, தெரியாத வீடு என்று அங்கேயே ஒரு சல்லடை விழுந்துவிடுகிறது.

நல்ல பள்ளியா என்று மொத்தமாகக் கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையம் 2009-ல் பார்த்தபோது, கணக்கில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள்தான் வழக்கமான அரசுப் பள்ளிகளை முந்தியிருந்தன; 37 சதவீதம் பின்தங்கியிருந்தன. அதே மையம் 2023-ல் சொன்ன கணக்கு வேறு: சார்ட்டர் பிள்ளைகள் ஒரு வருடத்தில் வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடம் கூடுதலாகப் படித்ததற்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். ஆன்லைனில் மட்டும் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

என் வகுப்பில் பாதிப் பேருக்குமேல் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் மக்களின் பேரப்பிள்ளைகள், சோமாலியர்கள், பர்மாவின் கரென் மக்கள். பள்ளி அறிக்கையின் இனப் பட்டியலில் ஹ்மாங்கும் கரெனும் ‘ஆசியர்’ என்ற ஒரே வரிக்குள் வந்துவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த நம்மவர்களின் பிள்ளைகளும் அதே வரிதான்! அந்த வரியில் ஒரு சதவீதம் போட்டால் அது யாரைப் பற்றிச் சொல்கிறது, நீயே சொல்.

வறுமைக் கணக்கும் இப்படித்தான். இலவச மதிய உணவுக்கு வீட்டு வருமானம் எழுதிக் கொடுக்கும் படிவத்தைத்தான் அதற்கு வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2023 முதல் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவசச் சாப்பாடு. நம் சத்துணவை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது என்றானதும் படிவம் நிரப்ப வீட்டில் அக்கறை குறைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக் கேட்கிறோம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாய்லாந்து அகதி முகாமில் பிறந்தவள். பதினைந்து வயதில் இங்கே வந்து ஒன்பதாவதில் சேர்ந்தாள். நோட்டு ஓரத்தில் கரென் மொழியில் குறிப்பு எழுதுவாள். உருண்டை உருண்டையான எழுத்து. முதல் நாள் மலையாளம் என்றே நினைத்துவிட்டேன். பதினொன்றாவதில் மாநிலக் கணக்குத் தேர்வுக்கு முன் ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். ‘ப்ளீச்சர்ஸ்’ஸில் முதல் வரிசையில் இத்தனை இருக்கை, வரிசைக்கு இரண்டு கூடுகிறது, இருபது வரிசையில் மொத்தம் எத்தனை? பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுத் திடலில் படிப்படியாக உட்காரும் இடம் என்று பலகையில் ஒரு படம் போட்டேன். இரண்டே நிமிடம். கூட்டுத்தொடர், சூத்திரம், விடை, அடியில் ஒரு கோடு.

உண்மையான தேர்வில் நான் படம் போட முடியாது. நான்கு படிநிலையில் அடிமட்டத்தில்தான் நிற்பாள் என்று நான் பயந்த பெண் இரண்டாம் படியைத் தொட்டாள். தேர்ச்சிக் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் மூன்றாம் படியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

இந்த ஜூனோடு, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை அவளுடைய நான்கு வருடம் முடிந்தது. இன்னும் சில பாடங்கள் பாக்கி. அடுத்த வருடமும் வருகிறாள். நான்கு வருடத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்கியவர்களின் சதவீதத்தில் அவள் எங்களுக்கு ஒரு குறை. ‘தொடர்கிறார்’ என்று தனிக் கட்டம் ஒன்று அறிக்கையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் எங்கள் சதவீதம் ஏறும். எங்கள் தலைமையாசிரியை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனால்தான் நான் இன்னும் இந்தப் பள்ளியில் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பள்ளியின் சதவீதத்தைப் பார்த்தாலும் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், பன்னிரண்டாவதில் எத்தனை பேர் என்று பார்க்கிறேன். நூற்றிருபது எழுபதாகியிருந்தால், மீதி ஐம்பது பேர் எங்கே என்று கேட்க வேண்டாமா? அடுத்த மீட்டிங்கில் இதை நீ கேள். எழுந்து நிற்கச் சொன்னால், நின்றபடியே கேள்.

அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் இயற்பியலில் கெட்டிக்காரன் என்றாயே, பதினொன்றாவதில் என்ன குரூப் எடுத்தான்? மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
ஹாஸ்டல் தோழி