புதுத் தோட்டா இப்போது வேண்டாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க ராணுவம் 2022-இல் 6.8 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து, நம் ராணுவமும் மாற வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

நம் காலாட்படையிடம் ஏற்கெனவே மூன்று வகைத் தோட்டாக்கள் உள்ளன. இன்சாஸ் துப்பாக்கிக்கு 5.56×45, ஏகே-203-க்கு 7.62×39, சிக் 716-க்கு 7.62×51 (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது வெடிமருந்து அடங்கிய கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.-இல்). பின்னிரண்டும் பெயரளவில்தான் 7.62. ஒன்றின் கூடு மற்றதைவிட 12 மி.மீ. நீளம், ஒன்றுக்கானது மற்றதில் பொருந்தாது. மலைமேல் இருக்கும் காவல்சாவடிக்குத் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால் அங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இதில் நான்காவது வகை வேறா?

அப்புறம் எடை. ஒரு 5.56 தோட்டா சுமார் 12 கிராம். 7.62×51 அதைப் போல இரு மடங்கு. 6.8-க்கு மாறும் அமெரிக்க வீரர் முன்பு சுமந்த 210 தோட்டாக்களுக்குப் பதிலாக 140-தான் சுமக்கிறார். கவச உடையைத் துளைக்க அது தேவை என்கிறார்கள். சரி, எல்லைக்கோட்டில் தூரத்து இலக்குக்கு வலுவான தோட்டா வேண்டும்தான். அதற்குத்தான் 7.62×51 இருக்கிறதே!

துப்பாக்கி மாறினால் செலவு அதோடு நிற்காது. தோட்டா தயாரிக்கும் இயந்திரம், கிடங்கு, பயிற்சி எல்லாம் மாறும். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 7.62×39 துப்பாக்கியை உருவாக்கியிருக்கிறது. அந்தத் தோட்டா தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும், வீரர்கள் பயிற்சியில் தாராளமாகச் சுடவும் முதலில் பணம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், பரங்கிமலை, சென்னை