மேளம் பேசப் போகும்போது கிழமையும் கேளுங்கள்

சேலத்து ஆடித் திருவிழாக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊர் முழுக்க நாதஸ்வரம் கேட்கத் தொடங்கிவிடும், அதில் எங்கள் தெரு நாதஸ்வரக்காரர் ஊதுவது எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அவர் இறந்து வருகிற ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவாக ஒரு பேனர் வைக்கலாம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இந்த மடல்.

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து 6 வருஷம் டயாலிசிஸில் இருந்தார், அது உங்களுக்கும் தெரியும். திங்களும் வியாழனும், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். பல நாள் என் வண்டியில்தான் போய்வருவோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தச் செலவுக்கு அலையவில்லை.

ஊதுவதற்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. ஒரு நாளைக்கு 1 லிட்டருக்குள் என்று சொல்லிவிட்டார்கள், மோர், ரசம், காபி எல்லாமே அந்தக் கணக்கில்தான். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி நாணலில் செய்வது, காய்ந்து கிடந்தால் பேசாது, எச்சிலில் ஊறி இளகினால்தான் சுரம் பிடிக்கும். நாக்கே வறண்டு கிடப்பவர் எச்சிலுக்கு எங்கே போவார்? வீட்டிலிருந்து பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுவருவார். ஊர்வலம் கிளம்பும் முன்னால் ஒன்றே ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சீவாளியை உதட்டுக்கு நடுவில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே நிற்பார். ஐஸ் கரைந்து முடியும்போது சீவாளியும் பதமாகியிருக்கும், சின்னதாக ஒரு பிடி ஊதிப் பார்த்துவிட்டு தவில்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். மல்கோவாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, பொட்டாசியம் ஏறிவிடும் என்று மாம்பழத்தைத் தொடாமலே இருந்த மனுஷன் அவர்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, இது என்ன சுருதி சொல்லு என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அதிர்வைப் பிடித்து அதன் மேலேயே தோடி ராகத்தை முனகினார், ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி 3 வருஷம் மேளம் பேசப் போனவர்கள் அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நோயாளியைக் கூப்பிட்டு நடுத்தெருவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் யாராவது ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். டயாலிசிஸ் முடிந்த அன்று ஆள் துவண்டுவிடுவார், மறுநாள் தெம்பாக இருப்பார். பூச்சாட்டு வருவது செவ்வாய்க்கிழமை, அதாவது திங்களுக்கு மறுநாள். அந்த 3 செவ்வாய்க்கிழமையும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் கேட்கிற மேளத்துக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் பேனர் வேண்டாம். சத்தாபரணம் மாதிரி நீண்ட ஊர்வலத்துக்கு இரண்டு செட் மேளம் பேசுங்கள், ஒரு செட் வாசித்துக்கொண்டு போகும்போது இன்னொரு செட் உட்காரட்டும். சாமி நிற்கிற இடத்திலெல்லாம் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள், மாத்திரை வாங்குகிற வீட்டில் பத்து நாள் தள்ளிப்போனால் பெரிய கஷ்டம். அப்புறம், முன்பணம் கொடுக்கும்போதே எந்தக் கிழமை ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரோடு இருபது வருஷம் வாசித்த தவில்காரருக்கு இப்போது சர்க்கரையால் காலில் புண். வெள்ளிக்கிழமை கட்டு மாற்றப் போகிறார். மற்ற நாளெல்லாம் வாசிக்கத் தயார், உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆடிக்கு அவர் வீட்டுக்குப் போங்கள்.