பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் 19 வருடமாக கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் எங்கள் லேபிலிருந்து 40 பழைய கம்ப்யூட்டர்கள் எடைக்குப் போய்விட்டன. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் பலனில்லை. மற்ற கல்லூரிகளிலாவது இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவற்றில் எட்டை இரண்டு வருடம் முன்பு ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில் இணைத்து, லினக்ஸ் இயங்குதளமும், கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சேர்ந்து கணக்குப் போட உதவும் எம்பிஐ நிரல் தொகுப்பும் போட்டேன். இரண்டுமே இலவசம். ஒரு உலோகத் தகட்டில் சூடு பரவுவதைக் கணக்கிட வேண்டும். தகட்டை எட்டுப் பட்டைகளாக்கி கம்ப்யூட்டருக்கு ஒன்றாகக் கொடுத்தோம். சூடு பக்கத்துப் பட்டைக்கும் பரவும். ஒன்றின் நினைவகம் மற்றொன்றுக்குத் தெரியாது என்பதால், பட்டையின் ஓர வரிசைகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு சுற்றிலும் செய்தியாக அனுப்ப வேண்டும்.

வரிசைக்கு 1,000 வெப்பநிலை எண்கள் இருந்தபோது நன்றாக ஓடியது. 20,000 ஆக்கியதும் அப்படியே நின்றுவிட்டது. பையன்கள் கேபிளைக் கழற்றி மாட்டினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மாணவிதான் பிடித்தாள். எல்லாக் கம்ப்யூட்டரும் முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வாங்குகின்றன. சின்னச் செய்தி என்றால் மறுபக்கம் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். பெரிய செய்தி, எதிரில் இருப்பது வாங்கத் தயாராகும்வரை நகராது. எட்டுமே அனுப்பக் காத்து நின்றால் வாங்குவது யார்? இரட்டை எண் கம்ப்யூட்டர்கள் முதலில் அனுப்பட்டும், ஒற்றை எண் முதலில் வாங்கட்டும் என்று மாற்றினாள். ஓடியது. அன்று லேபே கை தட்டியது.

இன்னொன்றும் பார்த்தார்கள். சின்னத் தகட்டை எட்டும் சேர்ந்து முடிப்பதற்குள் ஒரே கம்ப்யூட்டர் முடித்துவிட்டது. கணக்கைவிடச் செய்தி போய் வரவே அதிக நேரம். இப்போது ஒரே கம்ப்யூட்டருக்குள் எட்டு வேலைகளை ஓட்டித் தேர்வு நடத்துகிறோம். செய்தி நினைவகத்துக்குள்ளேயே போய்விடுவதால் இந்தத் தாமதம் கண்ணில் படுவதே இல்லை.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை ஈதர்நெட் கேபிள்களில் இணைத்துத்தான் பேவுல்ஃப் என்ற கூட்டுக் கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். எம்பிஐயின் முதல் தரவரையறை வந்ததும் அதே வருடம்தான். பிள்ளைகள் இதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்குகிறார்கள். தொட்டுப் பார்க்க விடுங்கள் என்கிறேன்.

கல்லூரி நிர்வாகிகளே, எடைக்குப் போடும்போது எட்டே எட்டை ஒதுக்கி வையுங்கள். ஒரு மேசை, ஒரு ஸ்விட்ச் போதும். அமைத்துத் தர ஞாயிற்றுக்கிழமைகளில் வர நான் தயார்.

இப்படிக்கு,
லேப் பயிற்றுநர்,
திருநெல்வேலி மாவட்டம்.