அண்ணா, அந்தப் பச்சை கலர் மேப்

அண்ணா,

நீங்க போய் நாளையோட ஒரு வருஷம். அண்ணி நேத்து போன் பண்ணி, நீங்க வரைஞ்ச மேப்பை ஃப்ரேம் போடணும், எங்க இருக்குன்னு கேட்டாங்க. என்கிட்டதான் இருக்குன்னு சொல்லவே நாக்கு எழும்பல.

அன்னிக்கு உங்க ஸ்டூடன்ட்ஸ் முன்னாடி நான் ரப்பரை எடுத்திருக்கக் கூடாது. பால வம்சத்து ராஜா தர்மபாலர் ராஜ்ஜியம்னு வங்காளத்துல ஆரம்பிச்சு வடமேற்குக் கோடியில காந்தாரம் வரைக்கும் ஒரே பச்சையா தீட்டி வெச்சிருந்தீங்க, நான் மேற்கால இருந்து அழிச்சிட்டே வந்தேன், தூள் எல்லாம் உங்க வேட்டி மேல விழுந்துச்சு, நீங்க வாயே திறக்காம பென்சிலை சீவிட்டு இருந்தீங்க. கூர் வந்த பிறகும் சீவினீங்க.

தப்புதான். ஆனா சொன்ன விஷயம் தப்பில்லண்ணா. தர்மபாலரோட கலிம்பூர் செப்பேட்டுல போஜர், மத்ஸ்யர், குரு, யது, அவந்தி, காந்தாரம்னு ராஜாக்கள் எல்லாம் தலை வணங்கினாங்கன்னு இருக்கு, சரி. ஆனா வடக்க எல்லாரும் அடிச்சுக்கிட்ட கன்னோசி நகரத்து சிம்மாசனத்துல உட்கார்ந்தது யாரு, தர்மபாலர் உட்கார வெச்ச சக்ராயுதன்தானே? தர்மபாலர் நேரா ஆண்டது வங்காளமும் பீகாரும். அப்புறம் பிரதிகார ராஜா நாகபடர் கிட்ட தோத்து, தக்காணத்துல இருந்து ராஷ்டிரகூட ராஜா மூணாம் கோவிந்தர் வந்தப்போ தர்மபாலரும் சக்ராயுதனும் தாங்களாவே போய்ப் பணிஞ்சாங்கன்னு சஞ்சான் செப்பேடு சொல்லுது. அப்போ ராஷ்டிரகூடர் கலரை வங்காளம் வரைக்கும் தீட்டிடலாமா?

தர்மபாலரோட அப்பா கோபாலரைப் பத்தி விடிய விடிய பேசுவீங்க. பெரிய மீன் சின்ன மீனை முழுங்குற மாதிரி நாடு கிடந்தப்போ ஜனங்க சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு. நம்ம வீட்டுல எந்த முடிவை யாரைக் கேட்டு எடுத்தீங்க? வேண்டாம், சொந்தக்காரங்களும் இதைப் படிப்பாங்க. ஆறு மாசம் என்கூட பேசாம இருந்தீங்க, அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

பங்களாதேஷ்ல இருக்கிற பஹார்பூர் போகணும், அங்க சோமபுர விகாரைங்கிற பழைய புத்த மடத்தோட 177 அறையையும் ஒவ்வொண்ணா எண்ணணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே. அங்க கிடைச்ச களிமண் முத்திரையில அந்த விகாரைக்கே தர்மபாலர் பேருதான். அதுக்கு ரப்பர் வேண்டாம்ணா. கூட்டிட்டுப் போயிருக்கணும் நான்.

நேத்து ராத்திரி மேப்பை விரிச்சேன். வங்காளம், பீகார்ல உங்க பச்சை அப்படியே இருக்கு. அழிச்ச இடத்துல முழுசா தீட்ட எனக்கு மனசு ஒப்பல, கன்னோசியில இருந்து காந்தாரம் வரைக்கும் கோடு கோடா போட்டிருக்கேன், உங்க பென்சில்லயேதான். அண்ணிகிட்ட நாளைக்கு கொடுத்துடுறேன்.