நீ கேட்ட கடல் கேள்விக்கு

அன்பு மக்கா,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவப்படாத. போர்ட் ஹெட்லண்ட்ல இரும்புத் தாது ஏத்துற சமயத்துல தூங்கக்கூட நேரம் இருக்காது, கப்பல் கிளம்பினதுக்கு அப்புறம்தான் மூச்சே விட்டேன். பெரியவளுக்கு மாப்பிள்ள அமைஞ்சதுல ரொம்ப ரொம்ப சந்தோஷம்லே. தை மாசம்னா கண்டிப்பா ஊர்ல இருப்பேன், கான்ட்ராக்ட் மார்கழிக்குள்ள முடிஞ்சிரும். அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, அதை எழுதவே இல்லையே நீ.

சரி, உன் கேள்விக்கு வரேன். பாலி ஒரு பக்கம் லோம்போக் ஒரு பக்கம், ரெண்டும் இந்தோனேசியா, நடுவுல இருக்குற கடல்ல நீங்க பாட்டுக்கு பர்மிஷன் கேக்காம எப்படி போறீங்கன்னு பத்தாம் வகுப்பு புள்ளைங்க கேட்டாங்கன்னு எழுதியிருந்த. ரொம்ப நல்ல கேள்வி. நாலு நாளைக்கு முன்னாடி அந்த ஜலசந்தியத்தான் தாண்டி வந்தோம். நாலு மணி - எட்டு மணி வாட்ச் என்னோடது. இருட்டுல ராடார்ல ஒண்ணும் பெருசா தெரியல, விடிய ஆரம்பிச்சதும் பாத்தா ரிஞ்சானி மலைக்குப் பின்னாடி வானம் சிவக்குது, எங்களுக்கு முன்னாடி முப்பது நாப்பது ஜூகுங். நம்ம கட்டுமரம் மாதிரி சின்னப் படகுதான், ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி முக்கோணப் பாய் விரிச்சு, முகப்புல மீன் மூஞ்சி செதுக்கி கண்ணு வரைஞ்சிருக்கும். பைனாகுலர்ல பாக்குறேன், ஒரு ஆளு தனியா உக்காந்து தூண்டிக் கயிறை இழுத்துட்டு இருக்கான், எங்க கப்பல்ல ஒண்ணே முக்கால் லட்சம் டன் சரக்கு, எஞ்சினை நிறுத்தினாலும் மைல் கணக்குல போய்த்தான் நிக்கும். அவன் நிமிந்து ஒரு தடவை பாத்துட்டு மறுபடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டான். அது அவன் கடல்லே, நாங்க வழிப்போக்கன். உன் கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு.

மீதியைச் சொல்றேன். அப்ப இந்தோனேசியாவை ஆண்டுட்டு இருந்த டச்சுக்காரன் 1939ல போட்ட சட்டப்படி ஒவ்வொரு தீவைச் சுத்தியும் 3 கடல் மைல்தான் அந்த நாட்டோடது, அதுக்கு வெளிய எல்லாம் பொதுக்கடல். அப்படின்னா ஜாவா கடலோட நடுப்பகுதி யாருக்கும் சொந்தமில்ல, இந்தோனேசியா சுதந்திரம் வாங்கினதுக்கு அப்புறமும் அதே சட்டம்தான், மேற்கு பப்புவா யாருக்குன்னு ரெண்டு பேருக்கும் சண்டை நடக்குறப்ப டச்சு போர்க்கப்பல் அந்த நாட்டு நடுவுலயே போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு, யாரும் கேக்க முடியாது. வீட்டு அறைங்களுக்கு நடுவுல இருக்குற நடை ஊருக்குப் பொதுவுன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு. 1957 டிசம்பர் 13ந்தேதி பிரதமர் ஜுவாண்டா அறிவிச்சார், எல்லாத் தீவையும் சுத்தி வெளி ஓரமா ஒரு கோடு போடுவோம், அதுக்கு உள்ள இருக்குற தண்ணி முழுக்க எங்க நாடுன்னு. அதுக்குப் பின்னாடி சட்ட வேலை செஞ்சவர் மொக்தார் குசுமாத்மஜா, அப்ப அவருக்கு 28 வயசுதான். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியான்னு வரிசையா எதிர்ப்பு. ஆனா விடல. 25 வருஷம் மாநாடு மாநாடா பேசி, 1982 டிசம்பர் 10ந்தேதி ஜமைக்கா மான்டிகோ பேல கையெழுத்தான ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்துல தீவுக்கூட்ட நாடுன்னு தனிப் பகுதியே வர வச்சாங்க. அவங்க பாஷையில தாய்நாட்டுக்கு என்ன பேர் தெரியுமா, தானா ஆயிர். நிலம் தண்ணின்னு அர்த்தம். இதை புள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லு.

சும்மா கிடைக்கல, ஒரு விலை கொடுத்தாங்க. தண்ணி உனக்கு, மீனும் உனக்கு, அடியில இருக்குற எண்ணெயும் உனக்கு, ஆனா வழக்கமா கப்பல் போற வழியை அடைக்கக் கூடாது. நிக்காம, சுத்தாம, மீன் பிடிக்காம, கடலை அளக்காம தாண்டிப் போற கப்பலை தடுக்க முடியாது, நிறுத்தி வைக்கவும் முடியாது. நீர்மூழ்கி முங்கினபடியே போகலாம், விமானம் மேல பறக்கலாம். குறிச்ச பாதையோட நடுக்கோட்டுலருந்து ரெண்டு பக்கமும் 25 கடல் மைல் தாண்டக்கூடாது, இடுக்கான இடத்துல ரெண்டு கரைக்கும் உள்ள தூரத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல கரைகிட்ட போகக்கூடாது, அதாவது 20 மைல் அகலம்னா 2 மைல் தள்ளித்தான். மலாக்கால இது வேற கணக்கு, அங்க ரெண்டு மூணு நாட்டுக்கு நடுவுல இருக்குற ஜலசந்தி, அதுக்கு ஒப்பந்தத்துல தனி சட்டம், நடைமுறைல எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

புள்ளைங்க அந்தமானைப் பத்திக் கேட்டா சொல்லிரு, நமக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு நாடும் தீவாவே இருக்கணும், உள்ள வர்ற தண்ணிக்கும் நிலத்துக்கும் விகிதம் ஒண்ணுக்கு ஒண்ணுலருந்து ஒம்பதுக்கு ஒண்ணு வரைக்கும்தான் இருக்கலாம். பிஜி, பஹாமாஸ், பிலிப்பைன்ஸ் எல்லாம் தேறிரும். ஜப்பான் தீவு நாடுதான், ஆனா தேறாது, தண்ணியை விட நிலம் அதிகம்.

இந்தோனேசியா மூணு பாதை குறிச்சு கொடுத்துச்சு, மூணுமே வடக்கு தெக்கா போறது. சுந்தா ஜலசந்தி ஒண்ணு, நாங்க வந்த லோம்போக் - மக்கஸார் ஒண்ணு, கிழக்கே மொலுக்கா பக்கம் ஒண்ணு. 1998ல ஐஎம்ஓ, அதாவது ஐநாவோட கப்பல் போக்குவரத்து அமைப்பு, ஏத்துக்கிச்சு. கிழக்கு மேற்கா ஜாவா கடல் வழியா ஒண்ணு கொடுக்கலன்னு பெரிய நாடுகளுக்கு இன்னைக்கும் குறை. 2003 ஜூலைல ஜாவா கடல்ல இருக்குற பாவியான் தீவுக்கு மேல அமெரிக்க போர் விமானம் பறந்து, இந்தோனேசியா எஃப்-16 போய் மறிச்ச கதை அதுதான். எனக்கு இதுல வருத்தம் இருக்குலே. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துல இன்னும் சேரவே இல்ல, ஆனா அதுல உள்ள உரிமை மட்டும் வேணும்ங்குது. 25 வருஷம் பேசி கொடுத்து வாங்கின நாட்டுக்கு இது நியாயமாப் படுமா சொல்லு.

நல்லதும் நடந்திருக்கு. 2020 ஜூலைலருந்து லோம்போக்லயும் சுந்தாவுலயும் போக ஒரு தடம் வர ஒரு தடம்னு பிரிச்சுட்டாங்க, நம்ம பைபாஸ் ரோடு மாதிரி. வடக்கே போற நாங்க லோம்போக் பக்கமா ஒதுங்கித்தான் போனோம். நீரோட்டம் எதிர்ல தள்ளும், மணிக்கு 12 கடல் மைல் வேகத்துல போற கப்பல் 9 தான் காட்டுச்சு, அந்த மெதுவுல ஜூகுங்காரங்களுக்கும் விலகிக்க நேரம் கிடைச்சுது.

இப்ப பிலிப்பைன்ஸை நெருங்குறோம். அவங்களும் 2024 நவம்பர்ல சட்டம் போட்டு பாதை குறிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு நாள் நெட் இருக்காது, அதுக்குள்ள கல்யாண தேதியை அனுப்பி வை. லோம்போக்கோட பழைய பேப்பர் சார்ட் ஒண்ணு கேன்சல் ஆகி கிடக்கு, கேப்டன்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன். ஜூகுங் கூட்டத்தைப் பாத்த இடத்துல பென்சில்ல சின்னதா வட்டம் போட்டிருக்கேன், கல்யாணத்துக்கு வரும்போது எடுத்துட்டு வரேன், உன் கிளாஸ்ல மாட்டிக்கோ.

உன் மக்கா