பூசணம் பிடிக்காத ரொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த பிரமிடு கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கட்டியபோது 146 மீட்டர் உயரம், 23 லட்சம் கற்கள், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர் என்று கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேற்றுக்கிரகவாசிகளுக்குக்கூட அரைப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். ரொட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

சிரிக்காதீர்கள். நான் கோவில்பட்டியில் 31 வருடம் பேக்கரி நடத்தியவன். முட்டி தேய்ந்துபோனதால் அடுப்பையும் தட்டுகளையும் விற்றுவிட்டு வீட்டில் இருக்கிறேன். மருமகனுக்குக் கெய்ரோவில் கட்டுமான வேலை. மகள் கூப்பிட்டாள் என்று போய் ஆறு வாரம் தங்கினேன். உங்கள் கட்டுரை பிரமிடுகளை 'மன்னர்களின் ஆடம்பரக் கல்லறை' என்று சொல்லி முடிகிறது. போவதற்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எல்லோரையும் போல முதலில் கீசாவுக்குத்தான் போனோம். கூஃபுவின் பெரிய பிரமிடுக்குள் குனிந்து ஏறிப் போனால் மன்னன் அறையில் மூடியில்லாத கிரானைட் பெட்டி ஒன்று இருக்கிறது. சுவரில் ஓர் எழுத்தோ படமோ இல்லை. வெறுங்கல். வெளியே வந்து, 'இதற்கா இவ்வளவு பாடு' என்று கேட்டேன். 'அப்பா, நீங்கள் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள்' என்று சொல்லி அடுத்த வாரம் மகள் என்னைச் சக்காராவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே உனாஸ் என்ற மன்னனின் பிரமிடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஜல்லி கொட்டி வைத்த மேடு. யாரும் நின்று படம் எடுக்க மாட்டார்கள். கி.மு. 2350 வாக்கில் கட்டியது. கூஃபுவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தியது. சரிவான வழியில் குனிந்துகொண்டே இறங்கினேன். முட்டி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்க நட்சத்திரம். சுவர் முழுக்க, மேலிருந்து கீழாக வரி வரியாக, நீல நிறம் ஏற்றிய சித்திர எழுத்துகள். பிரமிடு ஒன்றின் உள்ளே மந்திரங்களைச் செதுக்கியது இங்கேதான் முதல் தடவை. அதற்கு அப்புறம் வந்த மன்னர்களும் அதே வழியில் போனார்கள். 1880-81இல் மாஸ்பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் படிக்கத் தொடங்கும்வரை பிரமிடு என்றால் எழுத்தே இல்லாத கட்டடம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

சவப்பெட்டி அறையின் வடக்குச் சுவரை மகள் காட்டினாள். அது முழுக்கப் படையல் மந்திரம். ஒவ்வொரு பண்டமாகப் பெயர் சொல்லி, 'ஹோரஸின் கண்ணை எடுத்துக்கொள்' என்று மன்னனுக்குக் கொடுக்கிறார்கள். (ஹோரஸ் அவர்களுடைய பருந்துமுகக் கடவுள்.) தண்ணீர், சாம்பிராணி, எண்ணெய், வகை வகையான ரொட்டி, பீர், இறைச்சி, பழம். பொருளின் பெயரை வைத்தே மந்திரத்தில் சிலேடை போட்டிருக்கிறார்களாம். நான் பார்த்தவரை அது பெரிய விருந்துக்கு எழுதிய சாமான் லிஸ்ட் மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க லிஸ்ட் பார்த்து மாவு பிசைந்தவனுக்கு அது புரியாமலா போகும்?

அங்கிருந்து பக்கத்தில் தேத்தி மன்னனின் பிரமிடு. அதுவும் இடிந்த மேடுதான். அதற்குள் இருக்கும் ஒரு மந்திரத்தை மகள் போனில் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். கிட்டத்தட்ட இப்படி வரும்: 'எழுந்திரு தேத்தியே! உன் தலையை எடுத்துக்கொள், எலும்புகளைச் சேர்த்துக்கொள், மேலில் ஒட்டிய மண்ணை உதறு. பூசணம் பிடிக்காத உன் ரொட்டியையும் புளித்துப்போகாத உன் பீரையும் வாங்கிக்கொள்.'

ஐயா, ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்றாம் நாள் ரொட்டியைப் புரட்டிப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குமே, அதை அனுபவித்தவன் நான். ஒரு மழைக்காலத்தில் நாற்பது பாக்கெட்டைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். நாலாயிரத்து முன்னூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு மனிதன் சாகாத வாழ்வை நினைத்துப் பார்த்து, அங்கே ரொட்டியில் பூசணம் பிடிக்காது என்று எழுதியிருக்கிறான். அந்தக் குழிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவர்கள் நம்பிக்கை என்னவென்றால், மனிதனுக்கு 'கா' என்று ஓர் உயிர்ச்சக்தி உண்டு. உடம்பு போனாலும் அது இருக்கும். ஆனால் அதற்குப் பசிக்கும். 'கா' என்பதோடு தொடர்புள்ள 'காவு' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் உணவு என்றே பொருள். (நம் ஊர்க் காவு கொடுப்பதோடு இதைச் சேர்த்து யாராவது வாட்ஸ்அப்பில் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம். ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான்.) மன்னன் செத்தபின் வானத்துக்கு ஏறி, சூரியனான ராவோடு படகில் போகிறான்; வடவானில் மறையாமல் சுற்றும் நட்சத்திரங்களோடு சேர்கிறான். அந்த நட்சத்திரங்களை 'அழியாதவை' என்று அழைத்தார்கள். பிரமிடின் வாசல் பெரும்பாலும் வடக்கே பார்த்து இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கூஃபுவின் பிரமிடுக்கு அவர்கள் வைத்த பெயரே 'கூஃபுவின் அடிவானம்'. சூரியன் மறைந்து மறுபடி எழுகிற இடம்.

ஆனால் வானத்துக்குப் போனவனுக்கும் கீழேயிருந்து சாப்பாடு போக வேண்டும். அதனால் பிரமிடு தனிக் கட்டடமே இல்லை. அதன் கிழக்குப் பக்கத்தில் ஒரு கோயில். அங்கிருந்து சமவெளிக்கு இறங்கும் நீண்ட கல் பாதை. பாதை முடியும் இடத்தில், தண்ணீர்க் கரையில், இன்னொரு கோயில். கீசாவின் இரண்டாவது பிரமிடைக் கட்டிய காஃப்ரே மன்னனின் கீழ்க்கோயில் இன்றும் அஸ்வான் கிரானைட் தூண்களோடு நிற்கிறது. ஸ்பிங்க்ஸைப் பார்க்கப் போகும் கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது. முக்கால்வாசிப் பேர் செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் தூணைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. மேல்கோயிலின் உள்ளறையில், அந்தப் பக்கம் போக முடியாத ஒரு கல் கதவைச் சுவரிலேயே செதுக்கி, அதன் முன்னால் படையல் வைத்தார்கள். மனிதர் நுழைய முடியாத அந்தக் கதவு வழியாகத்தான் 'கா' வந்து சாப்பிட்டுப் போகும்.

இதற்கெல்லாம் தானியம் எங்கிருந்து வந்தது? கோயிலுக்கென்று நிலமும் ஊரும் எழுதி வைத்தார்கள். தாஷூரில் ஸ்னெஃப்ரு மன்னனின் வளைந்த பிரமிடைச் சேர்ந்த கோயிலில், அந்த ஊர்கள் ஒவ்வொன்றையும் ஒரு பெண்ணாகச் செதுக்கியிருக்கிறார்கள். கையில் படையலோடு வரிசையாக நடந்து வருகிறார்கள்.

அபுசிர் என்ற இடத்தில் நெஃபெரிர்காரே மன்னனின் பிரமிடுக் கோயிலுடைய கணக்கு ஏடுகள் 1893இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கருப்பு, சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதியவை. எந்த நாளில் யாருக்கு முறை, யார் வாசல் காவல், யார் கூரையில் காவல், வர வேண்டிய ரொட்டி எத்தனை, வந்தது எத்தனை, எந்தப் பாத்திரத்தில் விரிசல் எல்லாம் இருக்கிறது. அர்ச்சகர்கள் ஐந்து பிரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி. ஒரு பாதிக்கு ஒரு மாதம் என்று முறை வைத்து, பத்து மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோனார்கள். மற்ற மாதங்களில் அவரவர் வேலை. மன்னன் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது. படைத்த ரொட்டியை வீணாக்கவில்லை. மன்னனுக்குக் காட்டியபின் முறைக்காரர்களும் வேலையாட்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் சம்பளமும். வரவு குறைந்த நாளில் கட்டத்தில் பாக்கியைக் குறித்து வைத்திருப்பதைப் பற்றி மகள் சொன்னபோது, என் கல்லாப்பெட்டி நோட்டு ஞாபகம் வந்தது.

அடிமைகள் விஷயத்துக்கு வருகிறேன். 'சவுக்கடி பட்ட லட்சம் அடிமைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். லட்சம் என்ற எண் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் சொன்னது. அவர் போனதே பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுக்கு அப்புறம். வேலையாட்களின் முள்ளங்கி, வெங்காயம், பூண்டுச் செலவு 1,600 தாலந்து வெள்ளி என்று பிரமிடில் எழுதியிருப்பதாகவும் அவரே சொல்கிறார். மொழிபெயர்த்துச் சொன்னவர் எதைப் பார்த்து எதைச் சொன்னாரோ! 1990இல் கீசாவில் ஒரு குதிரையின் கால் மண்சுவரில் இடறியதால் வேலையாட்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றிலும் ரொட்டியும் பீரும் வைத்த பாத்திரங்கள். முறிந்த எலும்பைக் கட்டு போட்டு ஆற்றிய தடயம். சவுக்கடி கொடுத்து வேலை வாங்கியவன், அடிமையைத் தன் மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் படையலோடு புதைப்பானா? ஊழியக் கட்டாயம் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்களுக்கு 'கூஃபுவின் நண்பர்கள்', 'மென்கவுரேயின் குடிகாரர்கள்' (மென்கவுரே கீசாவின் மூன்றாவது பிரமிடைக் கட்டிய மன்னன்) என்று பெயர் வைத்துக்கொண்டு கல்லில் எழுதிப்போனவர்கள் அவர்கள்.

செங்கடல் ஓரத்தில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸில், மேரர் என்ற குழுத்தலைவர் எழுதிய வேலைக்குறிப்பே இருக்கிறது. தூரா என்ற கல்சுரங்க ஊரில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டுவந்து இறக்கியதை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். அதோடு கிடைத்த மற்ற ஏடுகளில் சாப்பாட்டுக் கணக்கு.

1991இல் மார்க் லேனர் என்ற தொல்லியலாளரின் குழுவினர் கீசாவுக்குத் தெற்கே இரண்டு பேக்கரிகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்த இடத்தைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. மணி வடிவில் தடித்த மண் அச்சு. அதில் மாவை ஊற்றி, தணலில் புதைத்து, சூடாக்கிய இன்னோர் அச்சை மேலே கவிழ்த்து மூடுவார்கள். வாற்கோதுமையும் எம்மர் என்ற பழைய கோதுமையும்தான் மாவு. அந்த மாவு மைதா போல உப்பி நிற்காது. அதற்கு மேலும் கீழும் சூடு வேண்டும். அச்சு இல்லாமல் சுட்டால் தட்டையாகப் படுத்துவிடும். அந்த அடுப்பை வடிவமைத்தவன் மாவின் குணம் தெரிந்தவன் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஐரோப்பாவில் நடுக்காலத்தில் பிரமிடுகளை பைபிளில் வரும் யோசேப்பு கட்டிய தானியக் களஞ்சியம் என்று நம்பியிருக்கிறார்கள். வெனிஸ் புனித மாற்கு தேவாலயத்தின் கூரையில் அப்படியே படமும் இருக்கிறது. கோதுமைக்கும் பிரமிடுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுவரை அவர்கள் சொன்னது சரி. 'பிரமிஸ்' என்பது கிரேக்கர்கள் ஒரு வகைக் கோதுமைப் பண்டத்துக்கு வைத்திருந்த பெயர், பிரமிடுக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எகிப்தியர்கள் அதை 'மேர்' என்றுதான் சொன்னார்கள்.

படையல் எப்போது நின்றது? ஒரே நாளில் நிற்கவில்லை. மென்கவுரேயின் கீழ்க்கோயில் முற்றத்திலேயே மக்கள் மண் வீடு கட்டி, தானியக் குதிர் வைத்துக் குடியேறிவிட்டார்கள். பின்பக்கம் பூசை நடந்துகொண்டிருந்தது. 'பழைய அரசு' எனப்படும் அந்தப் பிரமிடுக் கால ஆட்சி சரிந்தபின் வரத்து நின்றது. சில நூற்றாண்டுக்கு அப்புறம் முதலாம் அமெனெம்ஹத் என்ற மன்னன் தன் பிரமிடுக்குக் கூஃபுவின் கோயில் கற்களையே பெயர்த்து எடுத்துப்போனான். பிற்காலத்தில் இரண்டாம் ராம்சேஸின் மகன் கேம்வாசெட் மட்டும் உனாஸின் பிரமிடைச் சீர்படுத்தி, தெற்குப் பக்கத்தில் அதை எழுதியும் வைத்திருக்கிறான். மன்னர்களுக்கு மட்டும் என்றிருந்த மந்திரங்கள் அதற்குள் சாதாரண ஆட்களின் சவப்பெட்டிக்கும் வந்துவிட்டன. 'ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர்' என்று வேண்டும் வரியை எழுத்தர்களும் தங்கள் கல்லில் வெட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று. உங்கள் கட்டுரைக்கு வந்த வாசகர் கருத்தில் ஒருவர் பிரமிடைக் கட்டியது தமிழர் என்று எழுதியிருந்தார். செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூஃபுவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு பிந்தியவை. நம் வணிகர்கள் போனபோதே பிரமிடுகள் பழங்காலச் சின்னம்தான்.

கெய்ரோவில் தினமும் காலையில் மகள் வீட்டுக்குக் கீழே தெருவோர அடுப்பில் உப்பிய ரொட்டி வாங்கப் போவேன். அங்கே ரொட்டிக்குப் பெயர் 'ஐஷ்'. அரபியில் அந்தச் சொல்லுக்கு உயிர்வாழ்வு என்று பொருளாம். நானும் தொழில்காரன் என்று சைகையில் சொன்னேன். அந்தப் பையன் மரத்தட்டை என் கையில் கொடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை பிரமிடைப் பற்றி எழுதினால், கீசா ஒட்டகப் படத்தைப் பெரிதாகப் போடாமல் உனாஸின் சுவரைப் போடுங்கள். அந்தச் சுவரில் 'ஹெதெப்' என்ற எழுத்தைத் தேடிப் பார்க்கலாம். ஒரு கோரைப்பாயின் மேல் ஒரு ரொட்டி வைத்தது போல இருக்கும். படையல் என்றும் மனநிறைவு என்றும் அதற்குப் பொருள். நான் போனில் எடுத்த படம் இருக்கிறது. கை நடுக்கத்தில் ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, ஆனால் ரொட்டி தெளிவாகத் தெரிகிறது. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேக்கரிக்காரன்,
கோவில்பட்டி