டயோசிஸ் ஆபீஸ்ல இருந்து அப்பாவுக்கு

ஓஹாயோ
பிப்ரவரி 23, 2025, ஞாயித்துக்கிழம சாயங்காலம்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

நான், இவிய, புள்ளைங்க எல்லாரும் நல்ல சுகம். போன்ல பத்து நிமிஷம் தாண்டுனதும் "சரிட்டி, காசு ஓடும், வையி"ன்னு வச்சிருதீங்க, வாட்ஸ்ஆப்ல காசு ஓடாதுன்னு எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டிக்கீங்க, அதான் டைப் பண்ணி அனுப்புதேன், தம்பிட்ட பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கேன். கண்ணாடிய போட்டுப் படிங்க.

போன வாரம் கேட்டீங்கள்லா, எதுத்த வீட்டுச் சித்தி மவன் இறையியல் முடிச்சுட்டு சும்மா இருக்கான், உன் ஆபீஸ்ல சொல்லி அமெரிக்காவுல ஐயரா இருக்க ஒரு சேகரம் வாங்கிக் குடுன்னு. எனக்கு சிரிப்பு வந்துட்டு, ஒங்களுக்குக் கோவம் வந்துட்டு. அப்பா, டயோசிஸ் ஆபீஸ்னு, திருமண்டல ஆபீஸ்னு சொன்னா ஒங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியும். மே மாசம் பொறந்தா நம்ம வீட்ல யாரும் சத்தமாக்கூட பேச மாட்டோம், ட்ரான்ஸ்பர் லிஸ்ட் வந்துட்டான்னு கேக்க நீங்க சைக்கிள எடுத்துட்டு சேகரத்துப் போதகர் ஐயர் வீட்டுக்குப் போவீங்க, அம்மா முன்கூட்டியே பித்தளப் பாத்திரத்த எல்லாம் பழைய சேலையில சுத்தி வச்சிருவா. பன்னெண்டு வருஷத்துல அஞ்சு ஊரு. ஐயருக்குக் கீழ ஊழியம் செய்யுத உபதேசியார் வீட்டுச் சாமானோட கோழிக்கூடும் லாரி மேல ஏறும். நாலாங்கிளாஸ் மட்டும் நான் ரெண்டு பள்ளிக்கொடத்துல படிச்சேன். அந்த லிஸ்ட் போடுத எடத்துல இப்ப நம்ம மவ ஒக்காந்துருக்கான்னு நீங்க நெனைக்கீங்க. இங்க அப்படி ஒரு லிஸ்டே கெடையாதுப்பா.

சித்திக்குப் பதில் சொல்லணும்லா, அத மொதல்ல சொல்லிருதேன். இங்க எபிஸ்கோப்பல் சபையில, அதான் அமெரிக்காவுல உள்ள ஆங்கிலிக்கன் சபையில, ஐயரத் தேடிப் புடிக்கது அந்தந்த சபைக்காரங்க. ஒரு ஐயர் ரிட்டயர்ட் ஆயிட்டாருன்னு வைங்க, சபையில ஒரு கமிட்டி போட்டு, எங்க சபை இப்படி, எங்க ஊரு இப்படின்னு ஒரு புரொஃபைல் எழுதுவாங்க, வரன் பாக்கதுக்கு நாம எழுதுவம்லா அதே கணக்கா நல்லது மட்டும்தான் இருக்கும், கூரை ஒழுகுதது இருக்காது. அதப் பாத்து நாடு பூரா இருந்து ஐயர்மாரு விண்ணப்பம் போடுவாங்க, ஜூம்ல பேசுவாங்க, நேர்ல வரச் சொல்லிப் பாப்பாங்க, கடைசியில வெஸ்ட்ரி ஓட்டுப் போட்டு முடிவு பண்ணும். பேராயர் அதுக்கு சம்மதிக்கணும், ஆனா இந்தா இவரு போவட்டும்னு அவங்களா ஒரு ஆள அனுப்ப முடியாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட இழுக்கும். நம்ம சி.எஸ்.ஐ. ஆளு வரலாம், எல்லாம் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பந்தான, ஆனா அங்கத்த பேராயர் கடுதாசி, இங்கத்த பேராயர் அனுமதி, போலீஸ் ரெக்கார்ட் செக்கிங், ஊழியக்காரங்களுக்குள்ள ஆர்-1 விசா, இதுக்கெல்லாம் மேல ஒரு சபை அவன வேணும்னு கூப்பிடணும். நான் சொல்லி நடக்கக் காரியம் இல்ல. "அவ அங்க கிளார்க்குத்தான்"னு சித்திட்ட சொல்லிருங்க, பொய் இல்லல்லா.

வெஸ்ட்ரின்னதும் நீங்க ஐயர் அங்கி மாட்டுத ரூம நெனச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான். சேந்த புதுசுல ஒரு சபைக்கு பேப்பர் குடுக்கப் போனப்ப "வெஸ்ட்ரி ஒனக்காகக் காத்துட்டு இருக்கு"ன்னாங்க, நான் பீடத்துக்குப் பக்கத்துல ரூமத் தேடி ஒவ்வொரு கதவா தொறந்து பாத்துட்டு அலையுதேன், ஒரு கதவத் தொறந்தா தொடப்பமும் வாளியும், கீழ பேஸ்மென்ட்ல பன்னெண்டு பேரு காப்பிய வச்சுக்கிட்டு என்னத் தேடுதாங்க. இங்க வெஸ்ட்ரின்னா நம்ம சபைக் கமிட்டி. அதுல சீனியர் வார்டன், ஜூனியர் வார்டன்னு ரெண்டு பேரு உண்டு, ஹாஸ்டல் வார்டன் இல்ல, ஜூனியர் வார்டனுக்கு வேல பெரும்பாலும் கட்டடத்தப் பாத்துக்கிடுதது.

எங்க ஆபீஸ்ல மொத்தம் ஒம்பது பேரு, அதுல மூணு பேரு அரைநாள் ஆளுங்க. நம்ம பக்கம் மாதிரி காலேஜ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கொட வேலைன்னு இதுக்குள்ள ஒண்ணும் கெடையாது, அதனால வாசல்ல சிபாரிசுக் கூட்டமும் கெடையாது. பேராயர் ஒரு அம்மா. இங்க 1976-ல பொம்பளைங்களுக்குக் குருப்பட்டம்னு முடிவாகி 1989-லயே மாசசூசெட்ஸ்ல பார்பரா ஹாரிஸ்னு ஒரு கறுப்பினத்து அம்மா பேராயராயிட்டாங்க, நம்ம சி.எஸ்.ஐ.க்கு மொதப் பெண் பேராயர் வர 2013 ஆச்சு. மொத வாரம் அவங்க ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் நான் எந்திச்சு நின்னுட்டு இருந்தேன், மூணாவது நாள் "ஒனக்கு முதுகு வலியா"ன்னு கேட்டுட்டாங்க. அவங்க குடிச்ச காப்பிக் கப்ப அவங்களே கழுவி வைக்காங்கப்பா. ஞாயித்துக்கிழம ஒரு சபைன்னு தானே கார் ஓட்டிட்டுப் போவாங்க, மூணு வருஷத்துக்குள்ள ஒவ்வொரு சபையையும் ஒருதடவயாவது போய்ப் பாக்கணும்னு சட்டம், திடப்படுத்தல் ஆராதனையும் அப்பதான். அவங்க செங்கோல் இருக்குல்லா, அது மூணு துண்டாக் கழலும், திருகித் திருகி எடுத்து தூண்டில் பெட்டி கணக்கா ஒரு நீளப் பெட்டியில அடுக்கி கார் டிக்கியில போட்டுருவாங்க. ஒருதடவ நடுத்துண்ட ஆபீஸ்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க, அன்னைக்கு ஆராதனையில செங்கோல் இடுப்பு ஒசரந்தான் இருந்துச்சாம்.

அவங்களுக்கு வலதுகையா ஒருத்தரு, "கேனன் டு தி ஆர்டினரி"ன்னு பேரு. கேனன்னா ஐயர்மாருக்குக் குடுக்க ஒரு கௌரவப் பட்டம்னு ஒங்களுக்குத் தெரியும், நம்ம நாசரேத்து கேனன் மர்காஷிஸ் ஐயர் பேருக்கு முன்னால இருக்கே அந்தக் கேனன்தான். ஆர்டினரிதான் எனக்குப் புரியல, திருச்செந்தூர் ஆர்டினரி பஸ்தான் கண்ணுல வந்துச்சு. கடைசியில பாத்தா சபைச் சட்டத்துல ஆர்டினரின்னா பேராயராம்! இவருதான் உண்மையில எல்லா எழவையும் இழுத்துப் போட்டு செய்யுத மனுஷன், ஐயர் தேடுத சபைக்கு வழிசொல்லுதது, ஐயருக்கும் வார்டனுக்கும் சண்டைன்னா நடுராத்திரி போன எடுக்கது, எல்லாம். கணக்குப் பாக்க ஒரு அம்மா. நியூஸ்லெட்டர், வெப்சைட்டுக்கு ஒரு பையன். வாலிபர் ஊழியத்துக்கு ஒரு பொண்ணு. சட்ட ஆலோசனைக்கு சான்சலர்னு ஒரு வக்கீல், அவரு சம்பளமே வாங்கல. டீக்கன்மாருக்குத் தலைவியா ஒரு ஆர்ச்டீக்கன், அவங்களும் சம்பளம் இல்லாமதான். நம்ம ஊர்ல டீக்கன்னா குருப்பட்டத்துக்கு முந்துன படி, இங்க நெறையப் பேரு ஆயுசு பூரா டீக்கனாவே இருப்பாங்க, வாரத்துல நர்ஸ் வேலையோ வாத்தியார் வேலையோ பாத்துட்டு ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் ஊழியம் செய்வாங்க. ஒங்களப் பத்திச் சொன்னேன், "அப்ப ஒங்கப்பாவும் டீக்கன்தான்"னாங்க ஆர்ச்டீக்கன் அம்மா. உபதேசியாருக்கு இங்கிலீஷ்ல எப்படி வெளக்கம் சொல்லதுன்னு தெரியாம நானும் தலையாட்டிட்டேன்.

இன்னொண்ணு, பேராயர் மேலயே புகார் குடுக்கலாம், அத வாங்க தனியா ஆளு உண்டு, விசாரிக்க முறை உண்டு. சபைச் சட்டத்துல நாலாம் பகுதின்னு அதுக்குன்னே ஒரு பெரிய பகுதி. புள்ளைங்க பாதுகாப்புக்கு ஒரு பயிற்சி, அது பேராயருக்கும் உண்டு, எனக்கும் உண்டு, முடிக்காட்டி கணக்கம்மா வந்து மேசைக்கு முன்னால நிப்பாங்க.

போன மாசம் ரெண்டாம் தேதி காலையில ஆபீஸ் ஜெபத்துல கேனன் ஐயா அன்னைக்குரிய பரிசுத்தவான் பேர வாசிச்சாரு, "வெடநயகம் சாமுவேல் அசரையா, டோர்னக்கல்"னு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. நம்ம அசரியா பேராயர்ப்பா! இவங்க நாட்காட்டியில ஜனவரி 2 அவரோட நாளாம். நான் குறுக்க பூந்து, வேதநாயகம்னு சொல்லணும், அவரு பொறந்த வெள்ளாளன்விளை எங்க ஊருப் பக்கந்தான், 1912-ல அவருதான் ஆங்கிலிக்கன் சபைக்கு மொத இந்தியப் பேராயர்னு நீங்க எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில சொன்னது பூராத்தையும் ஒப்பிச்சுட்டேன். பேராயரம்மா "வே-த-நா-ய-கம்"னு நாலுதரம் சொல்லிப் பாத்தாங்க. ஒருதரம் சரியா வந்துச்சு.

என் வேல என்னன்னு கேட்டீங்க. வருஷா வருஷம் மார்ச் 1-க்குள்ள ஒவ்வொரு சபையும் ஒரு ரிப்போர்ட் அனுப்பணும், எத்தன ஞானஸ்நானம், எத்தன அடக்கம், காணிக்கை எவ்வளவு, ஞாயித்துக்கிழம சராசரியா எத்தன பேரு வந்தாங்கன்னு. அத ஞாபகப்படுத்தி, வாங்கி, தப்ப திருத்த வைக்கதுதான் ஜனவரி பிப்ரவரி முழுக்க எனக்கு. ஆன்லைன்ல போடணும். ஆனா நெறைய சபையில பொருளாளருக்கு எழுபத்தஞ்சு, எம்பது வயசு. ஒரு தாத்தா இருக்காரு, மொதல்ல பென்சில்ல எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பி, அப்புறம் போன் போட்டு ஒவ்வொரு கட்டமா நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பாரு. போன வருஷம் மொத தடவ நான் கூப்பிட்டப்ப ஏதோ கால்சென்டர் இந்தியாக்காரி கம்ப்யூட்டர் ரிப்பேர்னு காசு புடுங்கக் கூப்பிடுதான்னு நெனச்சு "எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்ல"ன்னு வச்சுட்டாரு. மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு, ரெஸ்ட்ரூம்ல போய்க் கொஞ்சம் அழுதேன், ஒங்ககிட்ட சொல்லல. இப்ப அவரே கூப்பிடுதாரு. இந்தத் தடவ சராசரி பதினேழுன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நேரம் கழிச்சு, ஆர்கன் வாசிக்கவளையும் எண்ணிக்கிடலாமான்னு கேட்டாரு. எண்ணலாம்னேன். பதினெட்டு.

இதான்ப்பா இங்கத்த நெலம. நாடு பூரா சேத்தாலே ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வாரது நாலு லட்சத்துச் சொச்சம் பேருதான். நம்ம பக்கம் ஒரு திருமண்டலத்த ரெண்டாப் பிரிச்சோம், 2003-ல தூத்துக்குடி-நாசரேத்து தனியா வந்துச்சுல்லா, இங்க ரெண்டு மூணு டயோசிஸ ஒண்ணாச் சேக்காங்க. பக்கத்துல மிச்சிகன்ல கெழக்கு, மேக்கு ரெண்டும் போன வருஷம் ஒண்ணாகி கிரேட் லேக்ஸ்னு ஆயிட்டு, விஸ்கான்சின்ல மூணு ஒண்ணாயிட்டு. நவம்பர்ல தலைமைப் பேராயரா வந்த ஷான் ரோ, அவரே முன்னால வடமேற்கு பென்சில்வேனியா, மேற்கு நியூயார்க்குன்னு ரெண்டு டயோசிஸ ஒரே ஆபீஸ் ஆளுங்கள வச்சு நடத்துனவருதான். அதனால எங்க ஆபீஸ்லயும் காப்பி மெஷின் பக்கத்துல எப்பவும் அந்தப் பேச்சுத்தான், நம்மளயும் யாரு கூடயாவது சேத்துட்டா ரெண்டு கணக்கம்மா எதுக்கு, ரெண்டு கிளார்க்கு எதுக்குன்னு. நீங்க கவலப்படாதீங்க, இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. பென்ஷனும் கட்டுதாங்க எனக்கு, வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் வேல பாக்க யாருக்கும் சபை பணம் போட்டே ஆகணும். ஐயர்மாருக்குன்னா சம்பளத்துக்கு மேல பதினெட்டு சதவீதம், 1917-ல இருந்து அந்த நிதி நடக்கு. ஒங்களுக்கு மாசாமாசம் வாரத நெனச்சா எனக்கு ஆத்தாமையா வருது, அத இப்ப பேச வேண்டாம்.

ஜனவரியில ஒரு சின்ன சபைய மூடுனாங்க, கேனன் ஐயா கூட நானும் போனேன், பதிவேடுகள வாங்கிட்டு வர. வெளிய முழங்கால் ஒசரம் ஸ்னோ, உள்ள நல்ல கதகதப்பு, ஏன்னா ஜூனியர் வார்டன் காலையில அஞ்சு மணிக்கே வந்து பாய்லரப் போட்டுட்டாரு. பேராயர் கடைசி ஆராதனைய நடத்தி, இந்தக் கட்டடம் இனிமே ஆலயம் இல்லன்னு வாசிச்சாங்க. ஆளுங்க அழுதாங்க, அப்புறம் கீழ போய் கேக் சாப்பிட்டாங்க. நான் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதுன புத்தகங்கள வாழப்பழ அட்டப்பெட்டியில அடுக்குனேன், ஆராதனப் பதிவேட்டத் தொறந்தா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கும் நேரா ஒம்பது, பதினொண்ணு, எட்டு, ஒம்பதுன்னு இருக்கு, அன்னைக்கு மட்டும் எழுபத்தி நாலு. கடைசியா அந்த ஜூனியர் வார்டன் சாவிக்கொத்துல இருந்து ஒவ்வொரு சாவியாக் கழட்டி, இது முன்கதவு, இது ஆர்கன், இது காணிக்கைப் பெட்டின்னு கேனன் ஐயா கையில வச்சாரு. ஒரு சாவி மிஞ்சிட்டு. "இது எதுக்குன்னு எனக்கே தெரியாது, எங்கப்பா வார்டனா இருந்தப்பவே இதுல கெடந்துச்சு"ன்னாரு. கேனன் ஐயா அத அவரு சட்டப் பையிலயே போட்டு விட்டாரு. திரும்பி வரும்போது கார்ல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, பெட்டி மட்டும் பின்னால ஆடிட்டு வந்துச்சு.

அதுல இருந்து ஒங்க டிரங்குப் பெட்டி ஞாபகமாவே இருக்கு. அஞ்சு ஊர்லயும் யாருக்கு ஞானஸ்நானம், யாரு வீட்டு ஜெபம்னு நீங்க தேதி போட்டு எழுதுன நோட்டு எல்லாம் அதுலதான கெடக்கு? தம்பி புது பீரோ வாங்கப் போறேங்கான், பழசுன்னு எடைக்குப் போட்டுறப் போறான், அவன் செஞ்சாலும் செய்வான். அந்துருண்ட போட்டு, கரையான் ஏறாம செங்கல் மேல தூக்கி வைங்க. நான் டிசம்பர்ல வந்து ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துக்கிடுதேன்.

கால் வீக்கத்துக்கு அந்த டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க. அம்மாட்ட கருவாடு அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க, போனதடவ ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டுட்டான். சனிக்கிழம மார்ச் 1, இன்னும் ஏழு சபை ரிப்போர்ட் பாக்கி, அதனால இந்த வாரம் நான் கூப்பிட ராத்திரி ஆயிரும், ஒங்களுக்குக் காலையில வரும், போன பக்கத்துல வைங்க.

உங்க மூத்த மவ